மேஜர் கொடுத்த கடிகாரம்

வெக்ஸ்போர்ட், டொராண்டோ
9 ஜனவரி 1972

அன்புள்ள தனாவுக்கு,

இந்த நடுராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். எழுத்து கோணலாக இருந்தால் தூக்கக் கலக்கம்தான் காரணம், பயந்துவிடாதே. பகலில் நித்யா விடுவதில்லை. எட்டு மாதம் முடிந்துவிட்டது, கீழ்ப்பல் இரண்டு எட்டிப் பார்க்கிறது, பேனாவைக் கண்டால் பாய்ந்து வருகிறாள். உன் மருமகள்தானே.

அம்மாவின் தந்தி டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி வந்தது. "தனா சேஃப்", இரண்டே சொல். அதற்கு முந்தைய மூன்று வாரம் நான் எப்படி இருந்தேன் என்று எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இங்கே ரேடியோவில் கிழக்கைப் பற்றித்தான் ஓயாமல் பேசினார்கள். மேற்கு எல்லையிலும் சண்டை நடக்கிறது என்பது இந்த ஊரில் எனக்கும் உன் அத்தானுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்போல் இருந்தது. கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு, பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரியிடம் "என் தம்பி அங்கே இருக்கிறான்" என்று சொல்லிவிட்டேன். அவள் "எங்கே?" என்றாள். எனக்கே தெரியாதே, எப்படிச் சொல்வது?

அம்மா எழுதியிருக்கிறாள், உனக்கு லீவு கொடுத்தும் நீ வேலூருக்கு வரவில்லையாம். பொங்கலுக்கு வருவாய் என்று அரிசி ஊறப் போட நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏன் வரவில்லை? அடிபட்டிருக்கிறதா? இருந்தால் என்னிடம் சொல், அம்மாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

என் படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். குழந்தைக்காக ஒரு வருஷம் விட்டிருந்தேன், செப்டம்பரிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். அதே ஆயிரம் வருஷத்துப் பழைய ஆங்கிலப் பாட்டுகள்தான். இப்போது எழுதும் அத்தியாயம் சூளுரையைப் பற்றியது. சண்டைக்கு முன்னால் தலைவனின் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து குடிப்பார்கள், தலைவன் தன் கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றிக் கொடுப்பான், வாங்கியவன் எழுந்து நின்று எல்லார் முன்னிலையிலும் சொல்லுவான். என்ன சொல்லுவான் என்று உனக்குத் தெரியாதா? 1967-ல் உன் கல்லூரிப் பேச்சுப் போட்டிக்கு நான்தானே தமிழில் எழுதித் தந்தேன். அந்தக் கோப்பையை அம்மா இன்னும் வாரம் ஒருமுறை துடைக்கிறாளாம்.

லீவு எடு. ஊருக்குப் போ. போனதும் எழுது.

அன்புடன் அக்கா
வனஜா

* * *

மே/பா 56 ஏ.பி.ஓ.
30 ஜனவரி 1972

அன்புள்ள அக்கா,

ராணுவத் தபாலில் இடத்தின் பெயர் எழுதக் கூடாது. குளிர் என்று எழுதலாம். உன் ஊர்க் குளிருக்கு இது தங்கச்சி, ஆனால் எங்களுக்கு வீடு கிடையாது. அடிபடவில்லை. காலில் இரண்டு கொப்புளம், அதற்கு மெடல் தரமாட்டார்கள்.

அத்தானிடம் சொல், சிகரெட்டை விட்டுவிட்டேன். அவர் நம்பமாட்டார்.

ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறாய். ஒரு கதை சொல்கிறேன், உன் அத்தியாயத்துக்கு உதவும்.

நவம்பர் ஆரம்பத்தில், நாங்கள் எல்லைக்கு நகர்வதற்கு முதல் நாள், மெஸ்ஸில் விருந்து. எங்கள் கம்பெனித் தலைவர் மேஜர் குருவிளா. கோட்டயத்துக்காரர், பெங்களூரில் குடும்பம். கொஞ்சம் சரக்கு உள்ளே போனதும் ஒவ்வொருவரையும் எழுந்து ஏதாவது சொல்லச் சொன்னார். ஒருத்தன் பாடினான், ஒருத்தன் காக்காய் மாதிரி கத்திக் காட்டினான். என் முறை வந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது நீ எழுதித் தந்தது ஒன்றுதான். எழுந்து நின்று தமிழில் சொன்னேன். "நீ கொடுத்த பொன்னுக்கு என் தோள் பதில் சொல்லும். நீ விழுந்த மண்ணை விட்டு என் நிழல்கூட நகராது." விளையாட்டாகத்தான் சொன்னேன் அக்கா. பாதிப் பேருக்குப் புரியவில்லை. மேஜருக்குப் புரிந்தது. இன்னொரு முறை சொல்லச் சொல்லி, அவரே மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள்.

அவர் எழுந்து வந்து தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மணிக்கட்டில் கட்டினார். "அப்போ இனிமே நீ என் ஆளுடா" என்றார்.

மேஜர் டிசம்பர் பதினைந்தாம் தேதி போய்விட்டார். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நானும்.

அதனால் லீவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கே சண்டைக்கு முன்னால் நாங்களே புதைத்த கண்ணிவெடிகளை இப்போது எடுக்கிறார்கள். அதற்கு ஆள் கேட்டார்கள். பெயர் கொடுத்திருக்கிறேன். அம்மாவிடம் பாலம் கட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல்.

உன்னிடம் ஒரு சந்தேகம். தலைவன் விழுந்த பிறகு உயிரோடு வீட்டுக்குத் திரும்பி வந்தவனை உன் பாட்டுகளில் என்ன சொல்வார்கள்? அந்தப் பகுதியை நீ எனக்கு மொழிபெயர்த்துத் தரவில்லை.

நித்யாவுக்கு மாமாவின் முத்தம்.

தனஞ்செயன்

* * *

டொராண்டோ
17 பிப்ரவரி 1972

அன்புள்ள தனா,

உன் கடிதம் நேற்று வந்தது. நான்கு முறை இதற்குப் பதில் எழுத ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். ஏர் லெட்டரில் இடமும் இல்லை, அதனால் தாளில் எழுதுகிறேன். இரண்டு நாள் கூடுதலாக ஆனாலும் ஆகட்டும்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவினால் உனக்குத் தெரிந்துவிடும். சொல்லிவிடுகிறேன். ஓடிப்போனவனை அந்தப் பாட்டுகள் மன்னிப்பதே இல்லை. அவன் மட்டுமல்ல, அவன் உறவுக்காரர்கள் எல்லாருமே நிலமும் பெயரும் இழப்பார்கள். அந்த அவமானத்தோடு வாழ்வதைவிடச் சாவு மேல் என்று நேராகவே சொல்லும். இதை நான் உன்னிடம் மறைத்தால் என்ன பிரயோஜனம், நீ என்றைக்காவது நூலகத்தில் தேடிப் படித்துவிடுவாய்.

ஆனால் நான் மறைத்தது வேறு. 1967-ல் உன் பேச்சுக்கு ஐந்து நிமிஷம்தான் கொடுத்திருந்தார்கள். நான் சூளுரையை மட்டும் எடுத்துக்கொண்டேன். கைதட்டு கிடைக்கிற இடம் அது. வீரர்கள் எல்லாம் தலைவனைச் சுற்றி விழுந்தபிறகு அந்த ஊருக்கு என்ன ஆகும் என்பதையும் அவர்கள் பாடியிருக்கிறார்கள். தலைவன் போய்விட்டான், காக்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் எதிரி வருவான், பெண்களை ஓட்டிக்கொண்டு போவான், கூடம் இருந்த இடத்தில் பனி பெய்யும். அதையெல்லாம் விட்டுவிட்டேன். எல்லாரையும் இழந்துவிட்டுத் தன்னந்தனியாக மிஞ்சியவன் குளிர்கடலில் போய்க்கொண்டே பேசுகிற பாட்டுகளும் அந்த மொழியில் இருக்கின்றன. அவன் ஓடிப்போனவன் இல்லை. அவனை யாரும் திட்டவில்லை. கனவில் தன் தலைவனைக் கட்டிக்கொண்டு அவன் மடியில் தலை வைக்கிறான், விழித்தால் தண்ணீரும் பறவையும்தான். அதுவும் போட்டிக்கு உதவாது என்று விட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நிழல்கூட" என்பது மூலத்தில் எங்கேயும் கிடையாது. தமிழில் சொல்லும்போது நன்றாக இருந்தது, நான் போட்டேன். இருபத்திரண்டு வயதில் என் பேனாவுக்கு இருந்த கொழுப்பு. அதைப் போய் உன் உயிருக்குச் சட்டமாக வைத்துக்கொண்டிருக்கிறாயே.

மேல்மாடியில் நாகலட்சுமி அன்ரி இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், நான் வகுப்புக்குப் போகும்போது நித்யாவைப் பார்த்துக்கொள்பவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு விடாமல் கேட்டார். சொன்னேன். "உவையள் ஆம்பிளையள் வாக்குக் குடுக்கேக்கை வீட்டிலை இருக்கிறவையளைக் கேட்டோ குடுக்கினம்?" என்றார். "இல்லை" என்றேன். "ஓம் பிள்ளை, பிறகு எங்களை ஏன் அழச் சொல்லினம்?" என்றார். அந்தப் பாட்டுகளில் கூடத்து ராணி ஒவ்வொருவருக்கும் கிண்ணம் எடுத்துக்கொண்டு போவாள். அவள் கையால் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் சூளுரைப்பார்கள். கிண்ணத்தைக் கொண்டுபோனது நான்தான் தனா. அது எனக்குத் தெரிகிறது.

நீ ஓடி வந்தாயா? எனக்கு அது தெரிய வேண்டும். பதினைந்தாம் தேதி என்ன நடந்தது?

பெயரைத் திரும்ப வாங்கிக்கொள். அம்மாவிடம் பாலம் என்றே சொல்லியிருக்கிறேன். எழுதும்போது கை கூசியது.

அக்கா

* * *

மே/பா 56 ஏ.பி.ஓ.
8 மார்ச் 1972

அக்கா,

நீ கேட்டதால் எழுதுகிறேன். ஒரு முறைதான் எழுதுவேன்.

எதிரி புதைத்த கண்ணிகளுக்கு நடுவில் டாங்குகள் போக வழி செய்ய வேண்டும், அதுதான் எங்கள் வேலை. குப்புறப் படுத்துக்கொண்டு கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்து, எடுத்து, இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போவது. மேலே குண்டு விழுந்துகொண்டிருக்கும், நாங்கள் தலையைத் தூக்காமல் தோட்டவேலை செய்வோம். பாதி வழியில் என் சிப்பாய், சாப்பர் முனுசாமிக்குக் கால் போய்விட்டது. திருவண்ணாமலைப் பையன். மேஜர் என் பக்கம் திரும்பி, "தனா, நீ இவனைத் தூக்கிட்டுப் போ" என்றார். "வேற ஆள் போகட்டும் சார்" என்றேன். "உன்னைத்தான் சொல்றேன்" என்றார். தூக்கிக்கொண்டு வந்தேன். அறுநூறு கஜம் இருக்கும். ஒப்படைத்துவிட்டுத் திரும்பி ஓடினேன். நாடா முடிகிற இடத்தில் சுபேதார் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார் போயிட்டாரு சார்" என்றார். வழியை அவர்கள் முடித்துவிட்டார்கள். டாங்குகள் போயின.

முனுசாமி புனா ஆஸ்பத்திரியில் இருக்கிறான். தன் டிரங்குப் பெட்டியைப் பத்திரமாக வைக்கச் சொல்லி ஆள் மூலம் எழுதியிருக்கிறான். என்னைத் திட்டவும் இல்லை, கும்பிடவும் இல்லை. பெட்டிதான்.

நீ இப்போது என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தாய், அதனால் ஓடிப்போனவன் இல்லை என்பாய். இதை எனக்குக் கர்னலும் சொன்னார், ரெஜிமெண்ட் பாதிரியாரும் சொன்னார். உன் பாட்டில் எந்தத் தலைவனாவது "நீ திரும்பிப் போ" என்று சொல்லியிருக்கிறானா? மோதிரம் வாங்கியவனைப் பார்த்து? மிஞ்சியவன் பாட்டை நீ அனுப்பாமல் இருந்ததே நல்லது. அது படித்தவர்களுக்கு ஆறுதல். இங்கே கடலும் இல்லை, பறவையும் இல்லை.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி, ஏனென்றால் நீ நினைக்கிற மாதிரி நான் சாவதற்காகப் பெயர் கொடுக்கவில்லை. இப்போது நாங்கள் எடுப்பது எதிரியின் கண்ணி இல்லை, நம்முடையது. நானும் மேஜரும் நவம்பரில் பனிமூட்டத்தில் ஒரு கோதுமை நிலத்தில் வைத்தது. நானூற்றுப் பன்னிரண்டு. ஒரு கிணற்றையும் ஒரு கருவேல மரத்தையும் அடையாளமாக வைத்து, அங்கிருந்து காலடி அளந்து படம் வரைந்தோம். கிணறு இருக்கிறது. மரத்தை, குளிர் தாங்காமல், எங்கள் ஆட்களே வெட்டி எரித்துவிட்டார்கள். அந்த நெருப்பில் நானும் குளிர் காய்ந்தேன், அது எந்த மரம் என்று தெரியாமல். அடிமரத்தை டாங்க் ஏறிப் பிடுங்கிப் போட்டுவிட்டது. இப்போது படம் இருக்கிறது, மரம் இல்லை. வரிசை கிணற்றைச் சுற்றி எங்கே வளைகிறது என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் இல்லை.

ஒரு பெண் தினமும் வந்து நாடாவுக்கு வெளியே நிற்கிறாள். அவள் எருமை உள்ளே போய்ச் செத்தது. அவள் எதுவும் கேட்பதில்லை, நின்று பார்த்துவிட்டுப் போகிறாள். அடுத்த விதைப்புக்குள் முடிக்க வேண்டும்.

மேஜர் வீட்டம்மாவுக்கு எழுத ஆரம்பித்து ஏழு முறை கிழித்துவிட்டேன். நீ நாலு என்றாய். நான் ஜெயித்துவிட்டேன்.

தனா

* * *

டொராண்டோ
28 மார்ச் 1972

அன்புள்ள தனா,

உன்னோடு வாதம் செய்ய எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நீ சாவதற்காகப் போகிறாய் என்றால் எதையாவது சொல்லித் தடுக்கலாம். நீ மட்டும்தான் வழி அறிந்தவன் என்கிறாய், ஒரு பெண் நாடாவுக்கு வெளியே நிற்கிறாள் என்கிறாய். அதற்கு நான் என்ன சொல்வது? போகாதே என்று சொன்னால் அவள் பிள்ளை காலை வைக்கட்டும் என்று சொன்னதாகும். போ என்று சொல்ல என்னால் முடியாது. இந்தப் பக்கம் ஏழாயிரம் மைலில் உட்கார்ந்துகொண்டு, குழந்தையின் துணிக்கு ஊக்கு குத்தும்போது கை அந்த ஊக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுகிறது. நேற்று நித்யாவுக்குக் குத்திவிட்டது. அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

அத்தான் சொன்னார், "உன் கவிஞர்கள் எல்லாம் தோத்த சண்டையா பார்த்துப் பாடியிருக்காங்க. அவனுக்குப் புத்தி சொல்லாதே, சாப்பிட்டியான்னு கேளு." அவரும் கவலையில்தான் இருக்கிறார். காலையில் மிசிசாகாவுக்கு வேலைக்குப் போகிறவர், கீழே தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் காரை எடுக்கிறார். அந்த நேரத்தில் தபால் வராது என்று அவருக்குத் தெரியும்.

சரி, சாப்பிட்டாயா?

அத்தியாயத்தைக் கொடுத்தேன். பேராசிரியருக்குப் பிடித்துவிட்டது. ஒரு வாக்கியத்தின் கீழே கோடு போட்டு "அருமை" என்று எழுதியிருந்தார். "சூளுரை நிறைவேறுவது சாவில்தான்." நான் எழுதிய வாக்கியம். அவர் அறையிலேயே அந்தப் பக்கத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். திருத்தப்போகிறாயா என்றார். தெரியாது என்றேன். எதை வைத்துத் திருத்துவது? அந்தப் பாட்டுகள் அப்படித்தான் சொல்கின்றன. எனக்கு ஒன்று மட்டும் உறுத்துகிறது. எல்லாரும் அங்கேயே விழுந்தார்கள் என்றால் யார் யார் எந்தெந்த இடத்தில் விழுந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கவிக்கு யார் சொன்னது? யாரோ ஒருவன் திரும்பி வந்து சொல்லியிருக்க வேண்டும். அவன் பெயர் பாட்டில் இல்லை. இது ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, படித்தவர்கள் ஆறுதல் உனக்குப் பிடிக்காது. சும்மா, தோன்றியது.

ஒரு காரியம் செய்துவிட்டேன். நீ கோபப்படுவாய். பெங்களூரில் உங்கள் ரெஜிமெண்ட் தலைமையகத்துக்கு, திருமதி குருவிளாவிடம் சேர்க்கும்படி ஒரு கடிதம் போட்டேன். நான் யார் என்று சொல்லி, விருந்தையும் கடிகாரத்தையும், கடைசி நாளில் நீ அவரோடு இருந்ததையும் பற்றி எழுதினேன். அது உன்னிடம் பத்திரமாக இருக்கிறது, நீயே கொண்டுவந்து கொடுப்பாய் என்று எழுதினேன். உன்னைக் கேட்காமல் உனக்காக வாக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் வீட்டு வாசல் வரைக்கும் போக வேண்டும் என்று ஒரு கடன் இருந்தால், அந்த நிலத்தில் கொஞ்சம் மெதுவாகக் கம்பியை இறக்குவாய் என்று நினைத்தேன்.

அக்கா

* * *

மே/பா 56 ஏ.பி.ஓ.
15 ஏப்ரல் 1972

அக்கா,

நீ அதைச் செய்திருக்கக் கூடாது. அந்த அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியதை நீ சொல்லிவிட்டாய், அதுவும் டொராண்டோவிலிருந்து. விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையைப் போய். இப்போது அவர் என்னை எப்படிப்பட்டவன் என்று நினைப்பார்? சூளுரைத்துவிட்டுக் கடிகாரத்தோடு திரும்பியவன்.

உனக்கு எப்போதும் இதே வழக்கம். எனக்காக எழுதுவது.

முந்நூற்று எழுபத்தொன்று எடுத்துவிட்டோம். பாக்கி நாற்பத்தொன்று. கிணற்று வளைவில் இருக்கிறது. வரும் வாரம் ஆரம்பிக்கிறோம். முன்னால் நான் போகிறேன், எனக்குத்தான் தெரியும் என்பதால், வேறு எதற்காகவும் இல்லை. அதையும் நீ பாட்டாக்கிவிடாதே.

மேஜர் பனியில் காலடி எண்ணிக்கொண்டு போனது காதில் கேட்கிறது. மலையாளத்தில் எண்ணுவார். அறுபத்துநாலில் நின்று இடது பக்கம் திரும்பினார். அறுபத்துநாலா, அறுபத்தாறா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

சாப்பிடுகிறேன். ரொட்டி, பருப்பு. அத்தானிடம் சொல்.

முடிந்ததும் எழுதுகிறேன்.

தனா

* * *

டொராண்டோ
28 மே 1972

அன்புள்ள தனா,

இது நான்காவது கடிதம். மே மாதத்தில் போட்ட மூன்றும் உனக்குக் கிடைத்ததா என்று தெரியவில்லை. கிடைத்திருந்தால் மறுபடி சொல்வதற்காகக் கோபித்துக்கொள்ளாதே.

உன் ஏப்ரல் பதினைந்தாம் தேதிக் கடிதம்தான் கடைசி. ஆறு வாரம் ஆகிறது. அம்மாவுக்கும் ஒன்றும் வரவில்லை, தந்தியும் வரவில்லை. தந்தி வராதது நல்லது என்று அத்தான் சொல்கிறார். நானும் அதைத்தான் அம்மாவுக்கு எழுதினேன். பாலம் கட்டுகிற இடத்தில் தபால் வசதி குறைவு என்று எழுதினேன். அம்மா பதிலுக்கு, "எனக்குப் பாலம் தெரியும், கண்ணியும் தெரியும், நீங்கள் இரண்டு பேரும் என்னை ஏமாற்ற வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாள். எப்போதிலிருந்து தெரியுமோ. நமக்காகத் தெரியாததுபோல் இருந்திருக்கிறாள்.

நீ சொன்னது சரி. எனக்கு எப்போதும் அந்த வழக்கம்தான். உனக்குப் பதில் பேச்சு எழுதினேன், உனக்குப் பதில் வாக்குக் கொடுத்தேன். பள்ளியில் உன் லீவு லெட்டரைக்கூட நான்தான் எழுதுவேன், அப்பா கையெழுத்தையும் போடுவேன். இனிமேல் செய்யமாட்டேன்.

ஆனால் நேற்று திருமதி குருவிளாவிடமிருந்து பதில் வந்தது. இதை உனக்குச் சொல்லாமல் வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை. நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, அலங்காரம் செய்யவில்லை. அவர் எழுதியதை அப்படியே தமிழில் சொல்கிறேன்.

அந்தக் கடிகாரம் நாளைக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும். கல்யாணத்துக்கு அந்த அம்மாவின் மாமா வாங்கித் தந்தது. மூன்று முறை பழுது பார்த்தும் சரியாகவில்லை. அதை யாருக்காவது மரியாதையாகத் தள்ளிவிட வேண்டும் என்று மேஜர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். விருந்து நடந்த மறுநாள் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், "உன் மாமா கடிகாரத்துக்கு ஒரு நல்ல பையன் கிடைத்துவிட்டான், நின்றுகொண்டு பெரிய பேச்செல்லாம் பேசினான், சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது தனா. நித்யாவும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கடிகாரம் தனக்கு வேண்டாம் என்கிறார். உன்னிடமே இருக்கட்டுமாம், சாவி கொடுக்கும்போது பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அவருக்கு வேறொன்று வேண்டுமாம். பெரிய அதிகாரிகள் வந்து வீரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார்களாம், பத்திரிகையிலும் போட்டார்களாம். அதெல்லாம் எழுதி வைத்ததுபோல் இருந்ததாம். அன்றைக்குக் காலையில் மேஜர் என்ன சாப்பிட்டார், இருமல் இருந்ததா, தான் அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போட்டிருந்தாரா, தங்கள் பையனைப் பற்றி ஏதாவது பேசினாரா, இதைச் சொல்ல ஒருவரும் வரவில்லை என்கிறார். "உங்கள் தம்பி அன்று அவருடன் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வருவாரா?" என்று கேட்டிருக்கிறார். கடிதத்தில் வேறு கேள்வியே இல்லை.

நான் என்ன பதில் எழுதுவது? வருவான் என்று எழுதினால் மறுபடி உனக்குப் பதில் நான் வாக்குக் கொடுத்ததாகிவிடும். அதனால் அவருக்கு இன்னும் எழுதவில்லை. பேராசிரியரிடம் வாங்கி வந்த பக்கத்தையும் திருப்பிக் கொடுக்கவில்லை. கோடு போட்ட வாக்கியம் மேஜை மேல் அப்படியே கிடக்கிறது, அதன்மேல் நித்யாவின் பால் புட்டி இருக்கிறது.

நாகலட்சுமி அன்ரி இன்று நித்யாவைத் தூக்க வந்தவர், "கடிதம் வந்ததே பிள்ளை?" என்றார். "இல்லை அன்ரி" என்றேன். "நாளைக்கு வரும்" என்றார். தினமும் அதைத்தான் சொல்கிறார், தினமும் நான் தலையாட்டுகிறேன். வெளியே பனியெல்லாம் போய்ப் புல் முளைத்துவிட்டது. அங்கே விதைத்திருப்பார்களா? அந்தப் பெண் நிலத்துக்குள் போய்விட்டாளா? அறுபத்துநாலா, அறுபத்தாறா?

இந்த அறுபத்துநாலு என்னை விடவில்லை. நித்யாவைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டும்போது வீட்டுக்குள் நடந்து எண்ணுகிறேன். கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து ஜன்னல். அறுபத்துநாலு வந்ததும் திரும்புவதா, இன்னும் இரண்டு அடி வைப்பதா என்று தெரியாமல் நின்றுவிடுகிறேன். அவள் தூங்கிவிடுகிறாள், நான் நின்றுகொண்டே இருக்கிறேன்.

மேஜர் அன்று காலை என்ன சாப்பிட்டார் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு எழுத வேண்டியதில்லை, அந்த அம்மாவுக்கு எழுது. எனக்கு ஒரு வரி போதும், உன் கையெழுத்தில் இருந்தால் போதும், கோபமாக இருந்தாலும் சரி.

சீக்கிரம் பதில் போடு.

அக்கா
வனஜா